16 கேபி ஸ்டாக்கும் மூல நிரல் இல்லாத ஒரு டிரைவரும்

எக்ஸ்86-64 கணினியில் ஓடும் லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையம்) ஒவ்வொரு திரெட்டுக்கும் (தனியாக ஓடும் வேலை) கிடைக்கும் ஸ்டாக், அதாவது ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று அழைக்கும்போது தற்காலிகத் தகவலை அடுக்கி வைக்கும் நினைவகம், 16 கேபி. அவ்வளவுதான். பயனர் நிரலின் ஸ்டாக் போல அது தேவைக்கேற்ப வளராது. 2014 வரை 8 கேபியாகத்தான் இருந்தது. நினைவக நெருக்கடிச் சோதனையில் 3.14 கர்னல் தாறுமாறாக விழுந்ததன் காரணத்தைத் தேடிப் போன கர்னல் நிரலாளர் மின்சான் கிம் அனுப்பிய பேட்ச் (நிரல் திருத்தம்), 3.15-இல் அதை இரட்டிப்பாக்கியது. 2016-இல் 4.9 வந்தபோது ஸ்டாக்கின் எல்லையில் ஒரு காவல் பக்கம் (தொட்டாலே பிழை எழுப்பும் நினைவகப் பகுதி) வைக்கும் வசதியும் சேர்ந்தது. அதற்கு முன்பெல்லாம் ஸ்டாக் வழிந்தால் பக்கத்து நினைவகம் சத்தமில்லாமல் கெடும். கோளாறு எங்கோ, கர்னல் சாவது எங்கோ. இப்போது வழிந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு தரவு சேகரிப்பு அட்டை உண்டு. அதன் டிரைவரை (அட்டையை இயக்கும் நிரல்) தயாரிப்பாளர் கம்பைல் செய்த மாட்யூலாக (கர்னலோடு சேர்த்து ஏற்றும் கோப்பு) மட்டும் தருகிறார். மூல நிரல் கிடையாது. டிஸ்க்கும் நினைவகமும் ஒரே நேரத்தில் திணறும்போது, எப்போதாவது, கணினி அந்தக் காவல் பக்கத்தில் முட்டி நிற்கும். கிடைத்த ஸ்டாக் டிரேஸின் (விழுந்த நேரத்தில் எது எதை அழைத்திருந்தது என்ற பட்டியல்) நடுவில் மாட்யூலின் சில ஃபங்ஷன்கள், அவற்றுக்கு மேலும் கீழும் கர்னலின் சொந்த ஃபங்ஷன்கள். இதைத் தயாரிப்பாளருக்கு அனுப்பினால் "கர்னல் பக்கம் பாருங்கள்" என்று பதில் வரும் என்று தெரியும். வந்தது. சரி, யார் எத்தனை பைட் எடுக்கிறார்கள் என்பதை மெஷின் கோடிலிருந்தே கணக்குப் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். கர்னல் 6.6, நாங்களே ஜிசிசி கம்பைலரில் கட்டியது. எல்ஃப் கோப்பை (கம்பைல் ஆன நிரல் இருக்கும் வடிவம்) பிரிக்க பைஎல்ஃப்டூல்ஸ், கட்டளைகளைப் பிரிக்க கேப்ஸ்டோன், மற்றதெல்லாம் பைத்தான்.

இருக்கிற கருவிகள் போதாதா என்றால், போதாது. ஒரு ஃபங்ஷனின் ஃபிரேம் (அது ஸ்டாக்கில் பிடிக்கும் இடம்) 2048 பைட்டைத் தாண்டினால் கம்பைல் செய்யும்போதே எச்சரிக்கை வரும், ஆனால் அது ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனியாகத்தான் பார்க்கும். ஜிசிசி 10 முதல் யார் யாரை அழைக்கிறார்கள் என்பதையும் ஸ்டாக் அளவையும் சேர்த்தே எழுதித் தரும் வசதி இருக்கிறது. அதற்கு மூல நிரல் வேண்டும். கர்னலோடு வரும் செக்ஸ்டாக் என்ற பெர்ல் ஸ்கிரிப்ட் மெஷின் கோடைத்தான் படிக்கிறது: ஆப்ஜ்டம்ப் என்ற பிரிப்புக் கருவி கக்குவதில், ஸ்டாக்கின் நுனியைக் காட்டும் ஆர்எஸ்பி ரிஜிஸ்டரிலிருந்து (பிராசசருக்குள் இருக்கும் சேமிப்பிடம்) ஒரு எண்ணைக் கழிக்கும் வரிகளைத் தேடிப் பட்டியலிடும். ஆனால் ஸ்டாக்கில் ஒரு மதிப்பை ஏற்றும் புஷ் கட்டளைகளை அது எண்ணுவதில்லை. ஒரு ஃபங்ஷன் ஆர்பிஎக்ஸ், ஆர்பிபி, ஆர்12 முதல் ஆர்15 வரை ஆறு ரிஜிஸ்டர்களையும் சேமித்தால் 48 பைட், திரும்பும் முகவரி 8, ஆக 56. இப்படி 40 அடுக்கு போனால் 2240 பைட் கணக்கிலேயே வராது. 16 கேபியில் அது சின்னத் தொகை இல்லை.

புஷ், அதற்கு எதிரான பாப், கழித்தல் எல்லாவற்றையும் நானே பின்தொடர்வது என்றுதான் தொடங்கினேன். பாதியில் தோன்றியது: இந்த வேலையை ஏற்கெனவே ஒருவர் செய்து, விடையைக் கோப்பிலேயே எழுதி வைத்திருக்கிறாரே! ஜாஷ் பாயிம்போஃப் எழுதி 2016-இல் 4.6 கர்னலில் சேர்ந்த ஆப்ஜ்டூல், கம்பைலர் முடித்த பிறகு ஆப்ஜெக்ட் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு ஃபங்ஷனின் ஒவ்வொரு கிளையையும் நடந்து பார்த்து, ஒவ்வொரு கட்டளையிலும் ஸ்டாக் எந்த நிலையில் இருக்கிறது என்று கணிக்கும். 2017-இல் 4.14 முதல் அந்தக் கணிப்பை ஆர்க் அட்டவணைகளாக எழுதியும் வைக்கிறது. கர்னல் விழும்போது ஸ்டாக்கைப் பின்னோக்கிப் படிக்கத்தான் அந்த அட்டவணை. எனக்கு வேண்டியதும் அதே எண்தான்.

அமைப்பு எளிமையானது. ஓர் அட்டவணையில் பதிவுக்கு 4 பைட், தன் இடத்திலிருந்து கட்டளை இருக்கும் இடத்துக்கு எவ்வளவு தூரம் என்று. இன்னொன்றில் பதிவுக்கு 6 பைட். அதன் முதல் 16 பிட், இந்த இடத்தில் ஆர்எஸ்பியோடு எவ்வளவு கூட்டினால் அழைத்தவரின் ஸ்டாக் நிலை கிடைக்கும் என்று சொல்லும். ஃபங்ஷனின் வாசலில் அது 8. ஒரு புஷ் ஆனதும் 16. ஆக, ஒரு கால் கட்டளை (இன்னொரு ஃபங்ஷனை அழைப்பது) நிற்கும் இடத்தில் இந்த எண்ணைப் பார்த்தால், அந்த அழைப்பின்போது அந்த ஃபங்ஷன் பிடித்து வைத்திருக்கும் மொத்த பைட் அது. சங்கிலி முழுக்க இந்த எண்களைக் கூட்டினால் ஆழம். உத்தேசம் இல்லை, சரியான கணக்கு. ஃபங்ஷனுக்கு ஓர் எண் என்றில்லாமல் அழைக்கும் இடத்துக்கு ஓர் எண் கிடைப்பது இன்னும் நல்லது: ஃபிரேம் போடும் முன்பே ஒரு சோதனை செய்து வெளியேறும் பாதைகள் தனியாகத் தெரியும். ஸ்டாக்கை இடம் மாற்றி அடுக்கும் சில ஃபங்ஷன்களில் மட்டும் ஆர்க் கணக்கு ஆர்எஸ்பிக்குப் பதில் ஆர்பிபியை வைத்து இருக்கும். அவற்றுக்குத்தான் நான் எழுதிய புஷ்-பாப் கணக்கு பயன்பட்டது.

மாட்யூல் கோப்பைத் தொடும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். அது முழுமையாக லிங்க் ஆகாத (வெளி ஃபங்ஷன்களின் முகவரிகள் நிரப்பப்படாத) கோப்பு. வெளியே அழைக்கும் ஒவ்வொரு கால் கட்டளையும் இ8 என்ற பைட்டும் அதன் பின் நான்கு பூஜ்ஜியமுமாகத்தான் இருக்கும். டிஸ்அசெம்பிளரைக் கேட்டால் "அடுத்த கட்டளையை அழைக்கிறது" என்று கூசாமல் சொல்லும். உண்மையான பெயர் ரீலொக்கேஷன் (நிரப்ப வேண்டிய முகவரிகள்) பட்டியலில் இருக்கிறது. ஆர்க்கின் முகவரிப் பதிவுகளும் அப்படியே. கர்னல் கோப்பில் ஆர்க் அட்டவணை கட்டும்போதே வரிசைப்படுத்தப்பட்டுவிடும். மாட்யூலில் அது ஏற்றும்போதுதான் நடக்கும். ஆகவே பைனரி சர்ச் போடும் முன் நாமே வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும்.

எக்ஸ்86 கோடைப் பிரிப்பதே பெரும்பாடு என்று சொல்வார்கள்: ஒரு கட்டளை 1 பைட்டும் இருக்கலாம், 15 பைட்டும் இருக்கலாம். கர்னலில் அது அவ்வளவு கஷ்டம் இல்லை. ஸ்பெக்டர் என்ற பிராசசர் ஓட்டைக்கான தடுப்புகளுக்காக ஸ்விட்ச் வரிகளை ஜம்ப் டேபிளாக (தாவ வேண்டிய முகவரிகளின் அட்டவணை) மாற்றாதே என்று கம்பைலருக்குச் சொல்லித்தான் கட்டுகிறார்கள். எனவே ஃபங்ஷனுக்குள் எங்கே தாவும் என்று தெரியாத தாவல் அரிது. பெயருக்குப் பின்னால் "கோல்ட்" ஒட்டிக்கொண்டு தொலைவில் வேறொரு பகுதியில் கிடக்கும், அரிதாக ஓடும் துண்டுகளை மூல ஃபங்ஷனோடு சேர்த்துவிட்டால் இந்தப் பக்கம் முடிந்தது.

கஷ்டம் வேறு இடத்தில். கட்டளைகளை எவ்வளவு சரியாகப் பிரித்தாலும், அவை என்ன செய்கின்றன என்பது கட்டளையில் இருக்காது.

யூடி2 என்று ஒரு கட்டளை, 0எஃப் 0பி என்று 2 பைட். செல்லாத கட்டளை என்று பிராசசரே விதிவிலக்கு எழுப்பும். கர்னலில் 'பக்' மேக்ரோவும் இதைத்தான் போடுகிறது, 'வார்ன்' மேக்ரோவும் இதைத்தான் போடுகிறது. முன்னது அங்கேயே முடிவு; பின்னது ஓர் எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டு 2 பைட் தள்ளி ஓட்டத்தைத் தொடரும். பைட்டில் எந்த வித்தியாசமும் கிடையாது. வித்தியாசம் பக் டேபிள் என்ற பகுதியில் இருக்கிறது: 6.6-இல் பதிவுக்கு 12 பைட், முகவரி, கோப்புப் பெயர், வரி எண், கடைசியில் கொடிகள். அந்தக் கொடிகளின் முதல் பிட் எரிந்தால் வார்ன். இதைப் படிக்காத கருவி, ஒன்று வார்னுக்குப் பின்னால் இருக்கும் பாதைகளை எல்லாம் தொலைக்கும், இல்லையென்றால் பக்குக்குப் பின்னால் இல்லாத பாதையில் நடந்து அடுத்த ஃபங்ஷனுக்குள் விழும்.

இதில் ஸ்டாக் கணக்கும் ஒளிந்திருக்கிறது. செல்லாத கட்டளை விதிவிலக்குக்குத் தனி ஸ்டாக் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் திரெட்டின் ஸ்டாக்கிலேயே ரிஜிஸ்டர்கள் அனைத்தும் இறங்கும், 21 எண்கள், 168 பைட். அதன் மேல் எச்சரிக்கை அச்சிடும் சங்கிலி முழுவதும். கால் கட்டளையே இல்லாத ஓர் அழைப்பு. ஆகவே யார் யாரை அழைக்கிறார் என்று நான் வரைந்துவந்த வரைபடத்தில், வார்ன் இருக்கும் ஒவ்வொரு இடத்திலிருந்தும் விதிவிலக்குக் கையாளிக்கு (விதிவிலக்கு எழுந்தால் ஓடும் ஃபங்ஷன்) நானாகவே ஓர் இணைப்புக் கோடு போட்டேன்.

அதே தர்க்கத்தை இன்னொரு அடி தள்ளினால் பெரிய மீன். பயனர் நினைவகத்திலிருந்து படிக்கும் கட்டளை வெறும் மூவ்தான். ஆனால் அந்தப் பக்கம் நினைவகத்தில் இல்லையென்றால் பேஜ் ஃபால்ட் (அந்தப் பக்கத்தைக் கொண்டுவரச் சொல்லும் விதிவிலக்கு) எழும். அதுவும் இதே ஸ்டாக்கில்தான் ஓடும். அந்தப் பக்கம் ஒரு கோப்பிலிருந்து வர வேண்டியதென்றால் ஃபைல் சிஸ்டம், பிளாக் லேயர், டிஸ்க் டிரைவர் என்று சங்கிலி நீளும். எந்தெந்தக் கட்டளைகள் இப்படி இடறலாம் என்ற பட்டியல் எக்ஸ் டேபிள் என்ற பகுதியில் இருக்கிறது. அதுவும் பதிவுக்கு 12 பைட். பயனர் நினைவகத்தைத் தொடாத வேறு சில இடங்களும் அதில் இருப்பதால், பதிவின் வகையைப் பார்த்து வடிகட்ட வேண்டும். மிஞ்சும் ஒவ்வொரு பதிவும் பேஜ் ஃபால்ட்டுக்கு ஒரு கண்ணுக்குத் தெரியாத கால். இந்தக் கோடுகளைப் போட்டதும்தான் என் வரைபடம் அந்த டிரேஸைப் போலத் தோன்ற ஆரம்பித்தது.

அப்புறம், டிஸ்க்கில் இருக்கும் மெஷின் கோடும் ஓடும் மெஷின் கோடும் ஒன்றில்லை. 2022-இல் ரெட்பிளீட் என்ற பிராசசர் ஓட்டை வெளியான பிறகு, 5.19 முதல், ஃபங்ஷனிலிருந்து திரும்பும் 1 பைட் ரிட் கட்டளைக்குப் பதில் ரிட்டர்ன் தங்க் என்ற இடத்துக்குத் தாவும் 5 பைட் ஜம்ப் வைக்கிறார்கள். கோப்பை மட்டும் பார்த்தால், கர்னலின் எல்லா ஃபங்ஷன்களும் கடைசியில் ஒரே ஃபங்ஷனை டெயில் கால் (கடைசி வேலையாக இன்னொரு ஃபங்ஷனுக்குத் தாவுவது) செய்வதுபோல் தெரியும். தடுப்பு தேவைப்படாத பிராசசரில் பூட் ஆகும்போதே கர்னல் அவற்றைத் திரும்ப ரிட் ஆக்கிவிடும்; எங்கெங்கே என்பதற்கு ரிட்டர்ன் சைட்ஸ் என்ற பட்டியல். ஜிசிசி கட்டிய கோப்பில் ஃபங்ஷன் வாசலில் ஃபென்ட்ரியை (ஃபங்ஷன் அழைப்புகளைக் கண்காணிக்க உதவும் கொக்கி) அழைக்கும் 5 பைட் கட்டளை நிற்கும். பூட்டில் அது நாப் (எதுவும் செய்யாத கட்டளை) ஆகும். பயனர் நினைவகப் பாதுகாப்பைத் திறக்கும் ஸ்டாக் (எஸ், டி, ஏ, சி; நம் ஸ்டாக் இல்லை) கட்டளை கோப்பில் மூன்று 1 பைட் நாப்களாக இருக்கும்; பூட்டில் உயிர் பெறும். ஸ்டாட்டிக் கால், ஜம்ப் லேபிள், பாராவர்ட், ரெட்பொலின் என்று கர்னல் தானே மாற்றி எழுதும் ஒவ்வொரு வகை இடத்துக்கும் தனித்தனி அட்டவணை.

எல்லா அட்டவணைகளையும் படித்துவிட்டோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். முகவரியைக் குலுக்கும் வசதியை அணைத்து பூட் செய்து, ப்ராக் கேகோர் (கர்னலின் நினைவகத்தைக் கோப்பாகக் காட்டுவது) வழியாக ஓடும் கர்னலின் மெஷின் கோடை எடுத்து, கோப்பில் இருப்பதோடு பைட் பைட்டாக ஒப்பிட்டேன். மாறியிருக்கும் ஒவ்வொரு பைட்டும் ஏதாவது ஓர் அட்டவணை குறிப்பிடும் எல்லைக்குள் இருக்க வேண்டும். எந்த அட்டவணையிலும் சிக்காத மாற்றம் தென்பட்டால், நான் படிக்காத பகுதி இன்னொன்று பாக்கி என்று அர்த்தம். யாருக்கும் சொந்தமில்லாத பைட் எதுவும் மிஞ்சாத நிலை வரும்வரை இதை ஓட்டினேன்.

அடுத்தது மறைமுக அழைப்பு. கர்னல் முழுக்க ஃபங்ஷன் பாயின்டர்கள்தான் (ஃபங்ஷனின் முகவரியை வைத்திருக்கும் மாறிகள்). ஒரு கோப்பைப் படிக்கச் சொன்னால் எந்த ஃபைல் சிஸ்டத்தின் ரீட் ஓடும் என்பது கோப்பு திறந்த பிறகுதான் முடிவாகும். மெஷின் கோடில் தெரிவது ஆர்ஏஎக்ஸ் வழியாக எங்கோ போகிறது என்பது மட்டும். யார் யாருக்குப் போகலாம் என்பதைக் குறுக்க இரண்டு உதவிகள் உண்டு. 5.18-இல் வந்த ஐபிடி (தவறான இடத்துக்கு மறைமுகமாகத் தாவுவதைத் தடுக்கும் பிராசசர் வசதி) ஆதரவால், மறைமுகமாக வந்து சேரக்கூடிய ஒவ்வொரு ஃபங்ஷனின் வாசலிலும் எண்ட்பிஆர்64 கட்டளை இருக்கும். கம்பைலர் அதைத் தாராளமாகப் போட்டுவிடும்; முகவரி எங்கும் எடுக்கப்படாத ஃபங்ஷன்களை ஆப்ஜ்டூல் கண்டுபிடித்து ஒரு சீல் பட்டியலில் எழுதும், பூட்டில் கர்னல் அவற்றின் எண்ட்பிஆரை அழித்துவிடும். வாசலில் எண்ட்பிஆர் உள்ளவை, அவற்றில் சீல் பட்டியலில் உள்ளவற்றைக் கழித்தால் மிச்சம்: இதுதான் வேட்பாளர் பட்டியல். ஆனாலும் பல ஆயிரம்.

இரண்டாவது உதவி அதைவிடக் கூர்மை. 6.1-இல் சாமி டோல்வானென் சேர்த்த கேசிஎஃப்ஐ (மறைமுக அழைப்பு சரியான வகை ஃபங்ஷனுக்குத்தான் போகிறதா என்று சோதிப்பது), கிளாங் கம்பைலரில் கட்டும்போது மறைமுகமாக அழைக்கக்கூடிய ஒவ்வொரு ஃபங்ஷனின் முன்னாலும் அதன் வகையின் 32 பிட் ஹேஷை (வகையிலிருந்து கணிக்கும் அடையாள எண்) பதிக்கிறது; மறைமுகமாக அழைக்கும் இடத்திலும் எதிர்பார்க்கும் ஹேஷ் இருக்கும். அதே கான்ஃபிகை கிளாங்கில் இன்னொரு முறை கட்டி, அந்தக் கோப்பிலிருந்து "இந்த ஹேஷ் வகைக்கு இந்த ஃபங்ஷன்கள்" என்ற பட்டியலை மட்டும் உருவி, ஜிசிசி கோப்பின் பெயர்களோடு பொருத்தினேன். ஃபிரேம் அளவுகள் இரண்டிலும் வேறு வேறாக இருக்கும். அதைப் பற்றிக் கவலை இல்லை, எனக்குப் பெயர்கள் போதும். பெயர் மோதல்தான் தொல்லை: இனிட் ஒன்ஸ் என்ற பெயரில் பல ஃபைல் சிஸ்டங்களிலும் ஒரு ஸ்டாட்டிக் (தன் கோப்புக்குள் மட்டும் தெரியும்) ஃபங்ஷன் இருக்கும். சிம்பல் டேபிளில் உள்ளூர்ப் பெயர்களுக்கு முன்னால் வரும் கோப்புப் பெயரைச் சேர்த்துக்கொண்டால் பெரும்பாலும் பிரிந்துவிடும்.

இவ்வளவும் செய்து "கர்னலின் மிக ஆழமான பாதை எது" என்று கேட்டால் விடை: முடிவிலி. வரைபடத்தில் ஒரு பெரிய சுழல் இருக்கிறது. நினைவகம் கேட்டால் பழைய பக்கங்களை வெளியேற்றும் வேலை தொடங்கலாம், அது ஃபைல் சிஸ்டத்தைக் கூப்பிடலாம், ஃபைல் சிஸ்டம் மறுபடி நினைவகம் கேட்கும். நிஜத்தில் திரெட்டின் ஒரு கொடி இந்தச் சுழலை வெட்டும், ஆனால் அது ஓடும்போது தெரியும் செய்தி. இப்படிப்பட்ட கோடுகளைக் காரணத்தோடு ஒரு கோப்பில் எழுதிக் கையால் வெட்டினேன். முழுத் தானியங்கி என்ற ஆசையை இங்கே விட்டுவிடுவது நல்லது. உச்ச ஆழம் என்ற ஒற்றை எண்ணுக்கு மதிப்பும் இல்லை. பயனுள்ள கேள்வி சின்னது: மாட்யூலின் இந்த அழைப்பு இடத்தில் நிற்கும்போது மாட்யூல் மட்டும் எத்தனை பைட் பிடித்திருக்கிறது, அங்கிருந்து எந்த ஆழமான பாதைகள் திறக்கின்றன?

சரிபார்க்க, கர்னலின் ஸ்டாக் டிரேசரை இயக்கி, சுமையைக் கொடுத்து, அது பதிவு செய்யும் அதிகபட்ச ஆழத்தையும் சங்கிலியையும் எடுத்தேன். விதி எளிது: நிஜத்தில் கண்ட ஒவ்வொரு கோடும் என் வரைபடத்தில் இருக்க வேண்டும், ஒவ்வொரு ஃபிரேமின் அளவும் பொருந்த வேண்டும். முதல் ஓட்டங்களில் விடுபட்டவை பெரும்பாலும் ஸ்டாட்டிக் கால் (யாரை அழைப்பது என்பது ஓடும்போது மாற்றி எழுதப்படும் அழைப்பு) வழியாகப் போனவை.

மாட்யூல் பக்கம் கிடைத்த விடை இதுதான். அதன் ஐஆக்டில் (பயனர் நிரல் டிரைவருக்கு ஆணையிடும் வழி) பாதையில் நான்கு ஃபங்ஷன்கள் அடுக்காக ஒன்றையொன்று அழைக்கின்றன. நான்கிலும் பெரிய பெரிய ஸ்ட்ரக்ட்கள் (தரவுத் தொகுப்புகள்) ஸ்டாக்கில். ஒவ்வொன்றும் 2048-க்குக் கீழே என்பதால் கம்பைலர் ஒரு வார்த்தை பேசியிருக்காது. கூட்டினால் 7 கேபியைத் தாண்டுகிறது. அந்த நான்காவது ஃபங்ஷன்தான் பயனர் நினைவகத்திலிருந்து படிக்கிறது. எங்கள் நிரல் அங்கே கொடுப்பது எம்மேப் செய்த (நினைவகம் போலவே படிக்க முகவரி கொடுத்த) கோப்பின் முகவரி. ஆக, பாதி ஸ்டாக் ஏற்கெனவே போன நிலையில் பேஜ் ஃபால்ட், அதன் மேல் ஃபைல் சிஸ்டமும் பிளாக் லேயரும், நினைவகம் குறைந்த நேரமென்றால் பக்கம் வெளியேற்றும் சங்கிலியும்.

ஃபங்ஷன் பெயர்கள், ஆஃப்செட்கள், ஒவ்வோர் இடத்திலும் ஆர்க் சொல்லும் எண் எல்லாவற்றையும் ஒரு பக்கமாக எழுதித் தயாரிப்பாளருக்கு அனுப்பினேன். இந்த முறை கர்னலைக் கை காட்டவில்லை. அடுத்து வந்த மாட்யூலில் அந்த ஸ்ட்ரக்ட்கள் கேமல்லாக்குக்கு (ஸ்டாக்குக்கு வெளியே நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷன்) மாறியிருந்தன. அதுவரை நாங்கள் எங்கள் பக்கத்தில் செய்த ஒட்டுவேலை: எம்மேப் முகவரியை நேரடியாகக் கொடுக்காமல், நினைவகத்தில் பூட்டி வைத்த ஒரு பஃபருக்கு நகலெடுத்துக் கொடுப்பது. பேஜ் ஃபால்ட் எழாது, பாதி ஆழம் போயிற்று.

பாக்கி இரண்டு. கர்னலுக்குள் ஏற்றி ஓட்டும் ஈபிபிஎஃப் நிரல்களின் மெஷின் கோடு ஓடும்போதுதான் உருவாகிறது, எந்தக் கோப்பிலும் இல்லை. அவற்றைச் சோதித்து அனுமதிக்கும் வெரிஃபையர் 6.6-இல் ஒரு நிரலின் அழைப்புச் சங்கிலிக்கு மொத்தம் 512 பைட்தான் அனுமதிப்பதால், அங்கே போகும் கோடுகளுக்கு 512-ம் சேமிக்கும் ரிஜிஸ்டர்களுக்குக் கொஞ்சமும் என்று மொத்தமாகப் போட்டிருக்கிறேன். இன்னொன்று ஆர்ம்64 பிராசசர். கட்டளை எல்லாம் 4 பைட், பிரிப்பது சுலபம், ஸ்டாக்கும் வழக்கமாக அதே 16 கேபி, ஆனால் 6.6-இல் அங்கே ஆர்க் அட்டவணை கிடையாது. புஷ்-பாப் கணக்குக்காக எழுதி ஓரம் கட்டிய கோடைத் தூசு தட்டி, இரண்டு ரிஜிஸ்டர்களை ஒன்றாகச் சேமிக்கும் எஸ்டிபி கட்டளைகளுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டிருக்கிறேன்.